அதிக மானியம் எதில் கிடைக்கும்? கருங்கல் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பேரூராட்சிப் பகுதியில் குடியிருக்கிறேன். வயது 43. பதினாறு வருடமாக அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிற வேலை. முன்பு வாரம் ஆறு நாளும் வேலை இருந்தது. இப்போது மூன்று நாள் கிடைத்தாலே பெரிது. மாதம் 5,500 ரூபாய் கையில் வருகிறது. வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். மழை இல்லாத மாதம் 9,000 வரை கொண்டு வருவார். மகள் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். மகன் உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ. மூன்று கம்பெனிகளில் குழுக்கடன் எடுத்திருக்கிறோம், மாதம் 7,900 கட்டுகிறோம். எனக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் நன்றாகப் போடத் தெரியும். தெரிந்தவர் ஒருவர், சிப்ஸ் யூனிட்டுக்கு 10 லட்சம் வங்கிக் கடன் வாங்கித் தருகிறேன், 35 சதவீதம் மானியம் உண்டு, முதலில் 15,000 கொடுங்கள் என்கிறார். பி.எஃப். பணத்தை எடுத்து அதைக் கொடுத்துவிட்டு, மீதியில் ஒரு கடனை அடைக்கலாமா? எந்தத் திட்டத்தில் அதிக மானியம் கிடைக்கும்? பக்கத்து ஊராட்சியில் நூறு நாள் வேலை கொடுக்கிறார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. அந்த 15,000 ரூபாயை யாரிடமும் கொடுக்காதீர்கள். மானியக் கடனுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இணையத்தில் பதிவதற்கு இ-சேவை மையத்தில் வாங்குகிற சிறு தொகையைத் தவிர ஒரு பைசா செலவில்லை. இந்தத் திட்டங்களுக்கு அரசு எந்தத் தரகரையும் நியமிக்கவில்லை. வங்கியில் குழுக்கடன், மானியக் கடன் மேசைகளிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. தரகர் கொண்டுவந்து தந்த விண்ணப்பம் என்பதற்காக நாங்கள் எதையும் வேகமாக நகர்த்தியதில்லை. விண்ணப்பதாரரிடம் தொழிலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாலே அது அவர் எழுதியதா, வேறு யாரோ எழுதியதா என்று தெரிந்துவிடும்.

அதிக மானியம் எதில் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் கழித்து. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனதில் தைத்தது வேறு விஷயம். உங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து 14,500. அதில் 7,900 தவணைக்கே போகிறது. நான்கு பேர் குடும்பம் மீதி 6,600 ரூபாயில் நடக்கிறது, அதுவும் மழை இல்லாத மாதத்தில். இந்த நிலையில் இன்னொரு பெரிய கடனைத் தலையில் ஏற்றினால், மானியம் எத்தனை சதவீதமாக இருந்தாலும் குடும்பம் தாங்காது. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே உரிமையானதை முதலில் பத்திரப்படுத்துங்கள். அடுத்து தவணைச் சுமையைக் குறையுங்கள். தொழிலைச் சின்னதாகத் தொடங்கிப் பாருங்கள். மானியக் கடன் கடைசியில் வரட்டும்.

பி.எஃப். பணத்தை எடுக்கலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். பதினாறு வருட வேலை என்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற 12 சதவீதம் சேமிப்புக் கணக்கில் சேர்கிறது. முதலாளி கட்டுகிற 12 சதவீதத்தில் 8.33 பங்கு ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. அந்த ஓய்வூதியக் கணக்கில் பத்து வருடச் சேவை நிறைந்துவிட்டால், 58 வயதிலிருந்து மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. இப்போதைய குறைந்தபட்சம் 1,000 ரூபாய். உங்களுக்குப் பிறகு வீட்டுக்காரருக்கும் குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது. பத்து வருடம் நிறையாதவர்கள்தான் அந்தப் பங்கை மொத்தமாக எடுத்துவிட்டு உரிமையை இழக்கிறார்கள். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கமெல்லாம் அண்டி ஆபீசில் வேலை பார்த்த எத்தனையோ பெண்கள் ஒன்பது வருடத்தில் ஒரு ஆலையிலிருந்து நின்று, கிடைத்த பணத்தை எடுத்துக் கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ செலவழித்துவிட்டு, அடுத்த ஆலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அறுபது வயதில் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

நீங்கள் ஒரே ஆலையில் இருந்தீர்களா, மாறி மாறி இருந்தீர்களா என்று எழுதவில்லை. மாறியிருந்தால், ஒவ்வொரு ஆலையிலும் ஒரு தனிக் கணக்கு எண் கொடுத்திருப்பார்கள். அவை எல்லாம் ஒரே யு.ஏ.என். எண்ணுக்கு, அதாவது ஆலை மாறினாலும் மாறாத உங்கள் பொதுவான பி.எஃப். எண்ணுக்கு, கீழே வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பழைய கணக்குகளை இப்போதைய கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். மகள் பி.காம். படித்தவள், செல்போனில் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வூதியப் பங்கு மாதாமாதம் ஏறியிருக்கிறதா, விடுபட்ட மாதங்கள் எவை, ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் அங்கே உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். நம் ஊரில் வீட்டுப் பெயரையோ அப்பா பெயரையோ முன்னால் போட்டு ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு எழுத்து வித்தியாசத்துக்காகப் பணம் வருடக்கணக்கில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். நாகர்கோவிலிலேயே வருங்கால வைப்புநிதி அலுவலகம் இருக்கிறது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, நேரில் போய் இதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு பற்றியும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு அரையாண்டில் 78 நாட்களுக்காவது உங்களுக்குச் சந்தா போயிருந்தால்தான், உடம்புக்கு முடியாமல் மருத்துவர் ஓய்வு எழுதிக்கொடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். வாரம் மூன்று நாள் வேலை என்றால் ஆறு மாதத்துக்கு சரியாக 78 நாள்தான் வருகிறது. நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். வேலை இருக்கிற நாளில் சின்னக் காரணத்துக்காக லீவு போடாதீர்கள். வேலை பார்த்த நாட்கள் பதிவேட்டில் சரியாக ஏறுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆலையை மூடுகிறோம் என்று சொல்லி வெள்ளைத்தாளில் கையெழுத்தோ ராஜினாமாக் கடிதமோ கேட்டால் உடனே கொடுத்துவிட வேண்டாம். ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. ஆலை மூடினால் அதற்கான இழப்பீடு தனி. தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.

அண்டி ஆபீசில் பழைய மாதிரி வேலை திரும்ப வரும் என்று காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நம் ஆலைகள் ஓடுவது பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வரும் கொட்டையில். அங்கே விலை ஏறினால் இங்கே வேலை குறைகிறது. உடைக்கவும் தோல் உரிக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. வியட்நாம் பருப்பு விலையோடு போட்டி போட முடியவில்லை என்று முதலாளிகள் சொல்கிறார்கள். கிடைக்கிற நாட்களை விடாமல், பக்கத்தில் இன்னொரு வருமானத்தை வளர்ப்பதுதான் வழி. நீங்களும் அதைத்தான் யோசித்திருக்கிறீர்கள், யோசனை சரிதான்.

இனி கடன். நீங்கள் கம்பெனிக் கடன் என்று சொல்லும் நுண்நிதிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு வரம்பு வைத்தது. ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தவணை, அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்கள் கணக்கில் பாதி என்றால் 7,250. நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டீர்கள். நான்காவதாக ஒரு கம்பெனிக்காரர் வந்து கடன் தருகிறேன் என்றால் அவர் விதியை மீறுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று என்று வாங்கவே வாங்காதீர்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது, அக்கம்பக்கத்தார் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2025-ல் வன்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்திருக்கிறது, சிறைத் தண்டனை வரை போகும். தவணை தவறிய வாரத்தில் யாராவது வீட்டு நடையில் வந்து உட்கார்ந்தால் பயப்பட வேண்டாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

சுமையைக் குறைக்க நல்ல வழி, அரசின் மகளிர் சுயஉதவிக் குழு. கம்பெனிக்காரர்கள் கூட்டுகிற குழுவையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். அது அவர்கள் கடன் கொடுப்பதற்காகச் சேர்க்கிற கூட்டம். இது மகளிர் திட்டத்தின் கீழ் நடப்பது. பத்து முதல் இருபது பெண்கள் வாரம் தவறாமல் கூடி, சேமித்து, சேமிப்பிலிருந்தே உள்கடன் கொடுத்து, வாங்கியதைத் திருப்பிக் கட்டி, கணக்கை எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் இந்த ஐந்தும் ஒழுங்காக நடந்தால் குழு வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும். 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. கம்பெனி வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் போகும்போது, குழுவுக்கு வங்கி வாங்குவது ஏறக்குறைய அதில் பாதிதான். குழுக்கடனில் உங்கள் பங்காக வருவதை வைத்து மூன்றில் ஒரு கம்பெனிக் கடனை முழுதாக அடைத்துவிட்டால், மாதம் இரண்டாயிரம் ரூபாய் மூச்சுவிட இடம் கிடைக்கும். மூன்றில் எது வட்டி அதிகமோ அதை முதலில் முடியுங்கள். எல்லாம் ஒரே மாதிரி வட்டி என்றால், பாக்கி குறைவாக இருப்பதை முடியுங்கள்.

நம் மாவட்டத்தில் சர்ச் வழியாகவும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் தொடங்கி, பாதியில் தூங்கிப்போன குழுக்கள் ஏராளம். உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால் புதிதாகத் தொடங்குவதைவிட அதை எழுப்புவது சுலபம். பழைய பாக்கி ஏதும் இல்லையா என்று மட்டும் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சேருங்கள்.

நூறு நாள் வேலை உங்களுக்கு ஏன் இல்லை என்பதற்குக் காரணம், உங்கள் வீடு பேரூராட்சிக்குள் இருக்கிறது. அந்தத் திட்டம் தொடக்கத்திலிருந்தே கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். மற்ற மாவட்டங்களில் இது பெரிய பிரச்சினை இல்லை. கன்னியாகுமரியில் கிராம ஊராட்சிகள் 95, பேரூராட்சிகளோ ஐம்பதுக்கும் மேல். கருங்கல், பாலப்பள்ளம், கீழ்குளம், முளகுமூடு, கோதநல்லூர், பொன்மனை, கடையால் என்று, பார்க்கக் கிராமமாகவே இருக்கிற எத்தனையோ ஊர்கள் ஏட்டில் நகரம். சாலைக்கு இந்தப்பக்கம் இருப்பவருக்கு வேலை அட்டை, அந்தப்பக்கம் இருப்பவருக்கு இல்லை. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே குடியிருக்கும் கூலிக்காரக் குடும்பத்தை நகரவாசி என்று ஒதுக்குவது அநியாயம் என்பதுதான் என் கருத்து. கிராமசபையில் கேட்க முடியாவிட்டாலும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் உங்களைப் போன்றவர்கள் சேர்ந்து மனுவாகக் கொடுக்க வேண்டிய விஷயம் இது.

இந்த ஊராட்சி, பேரூராட்சி வித்தியாசம் மானியத்திலும் வந்து நிற்கும். தரகர் சொன்ன 35 சதவீதம் அநேகமாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றியது. அதில் பெண்களுக்கு ஊரகப் பகுதியில் 35, நகர்ப்பகுதியில் 25. பேரூராட்சிக்குள் தொழில் தொடங்கினால் 25 என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். சொந்தப் பங்கு 5 சதவீதம் போட வேண்டும். 10 லட்சம் திட்டம் என்றால் உங்கள் பங்கு 50,000, வங்கி தருவது 9,50,000. மானியம் 2,50,000 போக, நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டியது 7 லட்சம். 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை 15,000-ஐத் தாண்டும். உங்கள் இருவர் மாத வருமானமே 14,500.

இன்னொன்றும் சொல்லியிருக்க மாட்டார். மானியம் உங்கள் கைக்கு வராது. அரசு அதை வங்கிக்கு அனுப்பும். வங்கி அதை உங்கள் பெயரில் மூன்று வருடம் தனி வைப்பாக வைத்திருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி போடமாட்டார்கள், அவ்வளவுதான். மூன்று வருடமும் தொழில் நடந்தது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே கடனில் கழிப்பார்கள். நடுவில் தொழில் நின்றுபோனால் மானியமும் போகும், கடன் மட்டும் நிற்கும்.

மேல்புறம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஆய்வுக்காகப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. பாக்குமட்டை, பேப்பர் தட்டு போடும் இயந்திரம். விற்றவரே விலைப்பட்டியலும் கொடுத்து, கடனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு லட்சத்துக்குள் கிடைக்கிற இயந்திரத்துக்கு நாலரை லட்சம் ரசீது. பின்பக்கச் சாய்ப்பில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள், மேலே ரப்பர் ஷீட் காயப் போட்டிருந்தது. மூன்றுமுனை மின்இணைப்பு வாங்க வேண்டும் என்று யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை. தட்டை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "விக்கியது அவரு பொறுப்புன்னு சொன்னாரு சார்" என்றார். அந்த அம்மா கழுத்தில் கிடந்த ஒற்றைச் செயினை விற்றுத்தான் சொந்தப் பங்கைக் கட்டியிருந்தார். திட்டத்தில் குறை இல்லை. அதே திட்டத்தில் கடன் வாங்கித் தலைநிமிர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் கடன் வாங்குவதற்கு முன்பே அந்தச் சரக்கை யாருக்காவது விற்றுப் பார்த்தவர்கள்.

அதனால் சிப்ஸை முதலில் வீட்டு அடுப்பில் போட்டு விற்றுப் பாருங்கள். வேலை இல்லாத ஒரு நாள் ஒரு ஏத்தன்குலை வாங்குங்கள். தோலோடு எத்தனை கிலோ என்று எழுதுங்கள். சீவி, பொரித்து எடுத்து ஆறிய பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஏறக்குறைய நான்கு கிலோ காய்க்கு ஒரு கிலோ சிப்ஸ்தான் தேறும். எண்ணெய் எவ்வளவு குறைந்தது, கேஸ் எவ்வளவு போனது, கவர், உப்பு, மஞ்சள், கடைக்குக் கொண்டுபோன பஸ் கட்டணம் எல்லாம் எழுதுங்கள். உங்கள் கூலியையும் ஒரு செலவாக எழுத மறக்காதீர்கள். அண்டி ஆபீசில் ஒரு நாளைக்குக் கிடைப்பதாவது இதிலும் தேற வேண்டும். பெண்கள் தொடங்குகிற சின்னத் தொழிலில் எப்போதும் விட்டுப்போவது இந்த ஒரு வரிதான். கூலியைக் கணக்கில் எடுக்காமல் லாபம் என்று நினைத்து, உழைத்து உழைத்துத் தேய்ந்துபோனவர்கள் பலர்.

நாலைந்து டீக்கடையிலும் ஒரு பேக்கரியிலும் கொடுத்துப் பாருங்கள். முதல் தடவை எல்லாரும் வாங்குவார்கள். மூன்றாவது தடவையும் அவர்களே கூப்பிட்டுக் கேட்டால்தான் சந்தை இருக்கிறது என்று பொருள். ஓணத்துக்கு முந்திய வாரங்களில் கேட்பு எகிறும், ஆனால் கேரளத்துக்கு லோடு போவதால் குலை விலையும் ஏறும். அந்த ஒரு மாத விற்பனையை வைத்து வருடம் முழுவதையும் கணக்குப் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் விலை 2025-ல் ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். எண்ணெய் விலை இன்னும் கால்பங்கு ஏறினாலும் கட்டுப்படியாகுமா என்றும் ஒரு கணக்கு எழுதி வையுங்கள். விற்பனைக்கு இறங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவும், இலவசமாகக் கிடைக்கும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் எடுத்துவிடுங்கள்.

இந்த நேரத்தில் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையத்தில் ஒரு பயிற்சிக்கும் பெயர் கொடுங்கள். ஆர்செட்டி என்று சொல்வார்கள், மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்துவது. பயிற்சியும் சாப்பாடும் இலவசம். சிப்ஸ் போட அவர்கள் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. கணக்கு எழுதவும் விலை வைக்கவும் அங்கே சொல்லித்தருவார்கள், அதற்காகப் போங்கள். அவர்கள் தரும் சான்றிதழை வங்கியில் மதிப்பார்கள். பேரூராட்சிக்காரர் என்பதால் சேர்த்துக்கொள்வார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

மேசை போட்டுத் தெருவோரம் விற்கத் தொடங்கினால், பேரூராட்சி அலுவலகத்தில் தெருவோர வியாபாரியாகப் பதிந்துகொள்ளுங்கள். தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடனில் முதல் முறை 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அப்புறம் 50,000. நேரத்துக்குக் கட்டுபவர்களுக்கு 7 சதவீதம் வட்டி மானியம் கணக்கில் வந்துவிடும். இது நகர்ப்பகுதிக்கானது. பேரூராட்சியில் இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கிற ஒரு நன்மை. உங்கள் அளவுக்கு உருளி, அடுப்பு, சீவுகட்டை, முதல் சரக்கு எல்லாம் இந்த முதல் கடனிலேயே அடங்கிவிடும்.

ஒரு வருடம் இப்படி ஓடி, கம்பெனிக் கடனும் ஒன்றோ இரண்டோ முடிந்தபின், மானியக் கடனுக்குப் போங்கள். அப்போதும் 10 லட்சம் வேண்டாம். 4 லட்சம் திட்டம் என்றால் உங்கள் பங்கு 20,000. மானியம் 1 லட்சம் போக 2,80,000 கட்ட வேண்டும், மாதம் 6,100 அளவில் வரும். அதைச் சிப்ஸ் லாபமே கட்டுமா என்று அப்போது உங்கள் நோட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பிரதமர் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சம் வரை படிப்புத் தகுதி கேட்பதில்லை. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்திலும் 25 சதவீதம் உண்டு, 15 லட்சம் வரை. பெண்களுக்கு வயது வரம்பு 55 என்பதால் நீங்களும் வருவீர்கள், அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கென்று 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். போகும்போது அதில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். நீங்கள் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர் என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இவற்றையெல்லாம்விட மேலானது, 35 சதவீத மானியத்தோடு வட்டியிலும் 6 சதவீதம் குறையும். பிற்படுத்தப்பட்டோர் என்றால் டாப்செட்கோ, கிறிஸ்தவர், முஸ்லிம் என்றால் டாம்கோ என்ற தமிழக அரசுக் கழகங்கள் கூட்டுறவு வங்கி வழியாகக் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. இதற்கெல்லாம் போக வேண்டிய முதல் இடம் நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையம். வங்கியில் 10 லட்சத்துக்குள் உள்ள தொழில் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி கேட்கக்கூடாது என்று பணிவாகச் சொல்லுங்கள், எழுதிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கிற மாதங்களில் அவர் சும்மா இருப்பார். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் அந்தக் காலத்தில்தான் ரப்பர் தளிரில் தேன் சுரக்கிறது. மார்த்தாண்டம் தேன் என்று பெயர் வாங்கியது பெரும்பாலும் அந்தத் தேன்தான். தோட்டக்காரர் சம்மதித்தால் நாலைந்து பெட்டி வைக்கலாம். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தேன் திட்டத்தில் பயிற்சியும் மானியத்தில் பெட்டியும் கொடுக்கிறார்கள். மழை மாதங்களில் சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும், நோய் வந்தால் கூட்டமே அழியும். தொண்ணூறுகளில் நம் மாவட்டத்திலேயே அப்படி அழிந்தது. அதனால் தேனீ வளர்க்கிறவர் ஒருவரோடு ஒரு பருவம் கூடமாட நின்று பழகிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

அவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை என்றால் அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியத்தில் இன்றே பதிய வேண்டும். பதிவு இலவசம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, இயற்கை மரணம் எல்லாவற்றுக்கும் உதவி உண்டு, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. அறுபது தாண்டிவிட்டால் பதிய முடியாது. வருட வருமானம் 1,20,000-க்குள் என்று வருவாய்த் துறைச் சான்று கிடைத்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் எடுத்துவிடுங்கள். பால்வெட்டு சீசன் இல்லாத மாதங்களையும் சேர்த்தால் உங்கள் உண்மையான வருட வருமானம் அதைத் தொட்டும் தொடாமலும்தான் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அதை விவரமாகச் சொல்லுங்கள்.

மகன் பிளஸ் டூ முடித்ததும் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வரும். கேரளத்துக்குக் கொத்தனாரோடு கையாளாகப் போனால் முதல் நாளே கூலி கிடைக்கும்தான். கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் படிப்பு இலவசம், மாதம் 750 உதவித்தொகை. உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1,000. நம் மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள்தான் அதிகம். அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள்.

மகள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கட்டும். பதிந்து ஐந்து வருடம் ஆகியும் வேலை இல்லாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்குக் குடும்ப வருமானம் வருடம் 72,000-க்குள் இருக்க வேண்டும், உங்களுக்குப் பொருந்தாது. கோணம் அலுவலகத்தில் நடக்கும் இலவசப் போட்டித்தேர்வு வகுப்புதான் அவளுக்குப் பயன். குரூப் 4-க்கும் வங்கித் தேர்வுக்கும் படிக்கட்டும். குழு கூடினால் கணக்கு எழுதும் பொறுப்பை அவளே எடுக்கட்டும். நன்றாகக் கணக்கு எழுதத் தெரிந்த பெண்களைக் குழுக்களின் கூட்டமைப்பு அளவில் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். மகளோடு உட்கார்ந்து பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். மூன்று கம்பெனிக் கடனிலும் இன்னும் எவ்வளவு பாக்கி, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. அந்த இரண்டையும் உங்கள் படிப்பு, சமூக விவரத்தோடு எனக்கு மறுபடி எழுதினால், எந்தக் கடனை எப்போது அடைக்கலாம் என்று மாதவாரியாகப் போட்டு அனுப்புகிறேன். தரகர் அதற்குள் ஆதார் நகலும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் கேட்டு வந்தால், கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள். காசோலை திரும்பக் கிடைக்காவிட்டால் அதன் எண்ணைச் சொல்லி வங்கியில் உடனே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.